குஞ்சுக்கு நட்ட குச்சி

குந்துங்க சார், எடம் இருக்குது. இந்தப் பைய நான் மடியில வெச்சிக்கறன். உள்ள ஒண்ணுமில்ல, ஒரு கவுனுதான், எம் பொண்ணுக்கு. கடக்காரன் எத்தன வயசுன்னு கேட்டான். எட்டுன்னு சொன்னன். கண்ணால ஒரு அளவு பாத்து இத எடுத்துக் குடுத்தான். ஒம்போது மாசத்துல ஒரு புள்ள எவ்வளவு ஒசரும்னு எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க. பெருசா இருந்தா மடிச்சித் தெச்சிக்கலாம். அவ அம்மா நல்லாத் தெப்பா.

நீங்க எதுவரைக்கும்? கடசி ஸ்டாப்பா? தங்கச்சி வூட்டுக்கா, நல்லது. நான் கல்மேட்டுல எறங்கணும். இந்த வண்டி ஊரு ஊரா நின்னு நின்னுதான் போவும். ஒரு மணி நேரத்துக்குக் கொறையாது. பேச்சுத் தொணைக்கு நீங்க கெடச்சீங்க. உங்களப் பாத்தா பள்ளிக்கூட வாத்தியாரு மாதிரி இருக்குது. இல்லியா? தபால் ஆபீசா? ரிட்டையர் ஆயிட்டீங்களா, சரி சரி. மொகத்துல ஒரு மரியாதி இருக்குது, அதுக்காவ சொன்னன்.

இன்னிக்கி எம் பொண்டாட்டியயும் பொண்ணயும் கூட்டியாரப் போறன் சார். அதான் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கினு வந்திருக்கறன். ஒம்போது மாசமா ரெண்டு பேரும் அங்க இருக்கறாங்க, நான் இங்க இருக்கறன். ஒரு மீனால வந்த வினை. சிரிக்காதீங்க, நெசமாலுமே ஒரு மீனாலதான். எம் பேரு தாண்டவராயன். நெடுங்கரை ஏரின்னா எல்லாருக்கும் தெரியும், அந்த ஏரியில தூண்டிலுன்னா எம் பேரத்தான் சொல்லுவாங்க. சொன்னாங்க. இப்ப சொல்றதில்ல.

எங் கையப் பாக்கறீங்க. பரவால்ல, எல்லாரும் பாப்பாங்க. ஆள்காட்டி வெரலு மடங்காது. தூண்டில் நரம்பு, அந்தத் தங்கூசி, அறுத்தது சார், எலும்பு வரைக்கும் எறங்கிடுச்சி. அந்த மீனு இழுத்த இழுப்பு அப்படி. விட்டிருந்தா வெரலு தப்பிச்சிருக்கும். நான் விடல. எதயும் புடிச்சா விட மாட்டன், அதான் எங்கிட்ட இருக்கற கெட்ட கொணம். நல்ல கொணம்னு பாத்தாலும் அதான்.

நீங்க வெரால் புடிச்சிருக்கறீங்களா? தூண்டிலத் தொட்டதே இல்லியா? அப்ப மொதல்ல இருந்து சொல்றன், கேளுங்க.

மத்த மீனெல்லாம் பசிக்குத்தான் கடிக்கும். வெரால் பசிக்கும் கடிக்கும், கோவத்துக்கும் கடிக்கும். பசிக்குக் கடிக்கறப்ப உஷாராக் கடிக்கும், முள்ளு ஒதட்டுல தொட்டாலே துப்பிட்டுப் போயிடும். கோவத்துக்குக் கடிக்கறது அப்படி இல்ல. கண்ண மூடிக்கினு வந்து தொண்ட வரைக்கும் முழுங்கும். முள்ளு இருக்குதா, நரம்பு இருக்குதா, கரையில ஆளு நிக்கறானா, எதுவும் அதுக்குத் தெரியாது. அதுக்கு எப்ப கோவம் வரும்? குஞ்சு வெச்சிருக்கறப்ப வரும்.

கார்த்திக மழையில ஏரி ரொம்பினா கோரைக்குள்ள குஞ்சு பொரிக்கும். தண்ணி மேல பாத்தீங்கன்னா செவப்பா ஒரு கும்பல், மொளகாத்தூளக் கொட்டின மாதிரி. அப்பப்ப மூச்சு வாங்க மேல வந்து கொதிக்கும். ஆயிரம் குஞ்சுக்குக் கொறையாது. அதுக்கு அடியில ஆத்தாளும் அப்பனும் நிக்கும். ஒரு மாசம் எரையத் தொடாது, எங்கியும் போவாது. கொக்கு வந்தா எகிறும். தண்ணிப் பாம்பு வந்தா எகிறும். அந்தக் கும்பல் நடுவுல நீங்க ஒரு தவளைய முள்ளுல கோத்து எறக்கினீங்கன்னு வெச்சிக்குங்க, ரெண்டாவது தடவ எறக்க வேண்டிய வேலையே இல்ல. சின்னப் புள்ள கூடப் புடிச்சிடும்.

ஆனா புடிக்கக் கூடாது. எங்க ஊருல அப்படி ஒரு கட்டு. குஞ்சுக் கும்பல யாரு மொதல்ல பாக்கறாங்களோ அவங்க அந்தக் கரையில ஒரு குச்சிய நட்டு வெள்ளத் துணி கட்டணும். குஞ்சு செவப்பு மாறிக் கருத்து, கலைஞ்சி போற வரைக்கும் அந்தக் குச்சிக்கு இருவது அடிக்குள்ள ஒருத்தரும் தூண்டில் போட மாட்டாங்க. குடிகாரன் கூடப் போட மாட்டான். தெரியாம ஆத்தா மீனு மாட்டிக்கிச்சின்னா அந்த நிமிசமே முள்ள எடுத்துட்டுத் தண்ணியில விடணும். கன்னியப்பன்னு ஒருத்தரு, எனக்கு அண்ணன் மொற, அவருதான் ஏரிக்காரங்களுக்கெல்லாம் பெரியவரு மாதிரி. குச்சி விசயத்துல மனுசன் ரொம்பக் கறாரு.

போன கார்த்திகையில அவரே ஒரு குச்சி நட்டாரு, மதகுக்குப் பக்கத்துல. நான் சும்மாப் பாக்கத்தான் போனன் சார். சத்தியமா சும்மாதான் போனன். அந்த ஜோடி மேல வந்து மூச்சு வாங்குது. அப்பன் மீனு எங் கை நீளம். ஆத்தா மீனு அதவிடப் பெருசு, முதுவு மட்டும் தெரிஞ்சிது, தொட கனம். இருவத்தஞ்சி வருசமாத் தூண்டில் போடறன், அப்படி ஒண்ண நான் பாத்ததில்ல. அன்னிக்கிப் பூரா எனக்குச் சோறு எறங்கல. பவி, அதான் எம் பொண்ணு, பவிஷா, பள்ளிக்கூடத்துல வாங்கின ஸ்டாரக் காட்டறன்னு நோட்டத் தூக்கிக்கினு வந்தா. நல்லா இருக்குதுன்னு சொன்னன். நோட்டத் தலகீழாப் புடிச்சிக்கினு இருந்தனாம். அவ அம்மா சொல்லித்தான் தெரியும்.

மறுநா காலையில குச்சியத் தள்ளி நட்டன். புடுங்கி எறியல சார், தள்ளித்தான் நட்டன். ஒரு நாப்பது அடி. துணியக் கூட அவுக்கல. இப்ப நீங்க நாயத்தச் சொல்லுங்க. குச்சி இருக்கற எடத்துல போடக் கூடாதுன்னுதான் கட்டு. குச்சி இருக்கற எடத்துல நான் போடல. குச்சி இல்லாத எடத்துலதான் போட்டன். இத நான் பஞ்சாயத்துல சொன்னப்ப ஒருத்தன் சிரிச்சான். சிரிக்க என்னா இருக்குது இதுல?

மொத எறக்குலயே அப்பன் மீனு மாட்டிக்கிச்சி. வூட்டுக்குக் கொண்டாந்து அஞ்சலாட்சிகிட்டக் குடுத்தன். அஞ்சலாட்சி எம் பொண்டாட்டி. அவளும் ஏரிக்கரையில பொறந்தவதான், ஒண்ணும் வெளியூரு இல்ல. வயித்தக் கீறினா. கீறிட்டுச் சும்மா குந்தியிருந்தா. என்னா புள்ளன்னு கேட்டன். "வயித்துல ஒரு தூசி இல்ல. எரையே எடுக்காத மீனு. இது குஞ்சோட நின்னதுதான?"ன்னா. நான் தூண்டில் நரம்பச் சுத்திக்கினு இருந்தன். "எங்க புடிச்ச, சொல்லு"ன்னா. அருவாமணையக் கழுவி வெச்சிட்டு எழுந்து போயிட்டா. நான்தான் கொழம்பு வெச்சன். நல்லாவே வெச்சன். பவிக்கு முள்ளு எடுத்து நானே ஊட்டினன். ரெண்டு துண்டம் தின்னுது கொழந்த. அத யாரும் சொல்ல மாட்டாங்க பாருங்க. நான் ஊட்டினத யாரும் சொல்ல மாட்டாங்க.

டிக்கெட்டா? வாங்கிட்டன் கண்டக்டரே, கல்மேடு. சாருகிட்டக் கேளுங்க.

எங்க விட்டன்? ஆங், ஆத்தா மீனு. அதுக்கப்பறம் அவ ஒத்தையா நின்னா. ஒத்தையா நிக்கற வெரால் இருக்குதே, அது வேற ஜாதி சார். ரெண்டு ஆளு வேலைய ஒரு ஆளு பாக்கும். தவளைய எறக்கினன், மூக்கால தள்ளி விட்டா. கடிக்கல, தள்ளி விட்டா. வேற தவள எறக்கினன், வாய மூடிக்கினு தலையால ஒரே முட்டு. நரம்பு தெறிச்சி எம் மேலயே வந்து வுழுந்துது. மூணாவது நாளு எந் நெழலு தண்ணியில பட்டாலே குஞ்சப் பூரா அந்தாண்ட ஓட்டிக்கினு போவா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. ஒரு மீனு என்ன அடையாளம் வெச்சிக்கிச்சின்னா. பத்து நாளு இப்படியே போச்சி. வேற வேலைக்கிப் போவல. தூங்கினாலும் கண்ணுக்குள்ள அந்த முதுவுதான் நிக்குது.

குஞ்சு கருக்க ஆரம்பிச்சிடுச்சி. இன்னும் நாலஞ்சு நாளுல கலைஞ்சிடும், ஆத்தாளும் போயிடும், அப்பறம் ஏரி பூராத் தேடினாலும் கெடைக்காது. அப்பத்தான் எனக்கு ஒரு யோசன வந்துது. நல்ல யோசன சார். இப்ப நெனச்சாலும் நல்ல யோசனதான், நடந்த விதம்தான் செரியில்ல.

அவ தவளைக்கு வர மாட்டா. எதுக்கு வருவா? குஞ்சுக்கு வருவா. அன்னக்கூடை தெரியுமில்ல, சோறு வடிக்கறது, அதுக்கு உள்பக்கமா கொசுவலைய வெச்சிக் கட்டினன். அம்பது அறுவது குஞ்ச அதுல அள்ளினன். அந்தக் கூடைய மதகுப் படியில தண்ணிக்குள்ள புடிச்சிக்கினு ஆட்டிக்கினே இருந்தா குஞ்சு துள்ளும், அவளுக்குத் தெரியும், வருவா. நான் பக்கத்துல தவளைய எறக்கி ரெடியா இருக்கணும். ஆனா கூடைய யாரு புடிக்கறது? எனக்கு ரெண்டு கைதான இருக்குது.

பவியக் கூப்பிட்டன்.

ஞாயித்துக்கெழம அன்னிக்கி. வெயிலு நல்லா ஏறிடுச்சி. அஞ்சலாட்சி கொஞ்சம் தள்ளித் தொவக்கிற கல்லுல துணி தொவச்சிக்கினு இருந்தா. "பவி, வா, மீன் குஞ்சு காட்டறன்"னன். ஓடியாந்துச்சி. மூணாவது படியில நில்லு, அதுக்குக் கீழ எறங்காதன்னு நல்லாத் தெளிவா சொன்னன். அதச் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. கூடைய வாங்கிக்கிச்சி. "அப்பா, கையில கிச்சுகிச்சு மூட்டுதுப்பா"ன்னு ஒரே சிரிப்பு. ஆட்டு கண்ணு, இன்னும் நல்லா ஆட்டுன்னன்.

கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்பறம் கோரை அசைஞ்சிது. அப்பறம் அதுவும் நின்னு போச்சி. தண்ணி மேல ஒரு பூச்சி கூட இல்ல. பவிதான் மொதல்ல பாத்துச்சி. "அப்பா, பெருசா ஏதோ வருதுப்பா, நான் மேல வந்துடட்டுமா?"ன்னு கேட்டுது. இரு கண்ணு, அசையாதன்னு சொன்னன்.

ரெண்டும் ஒரே நேரத்துல நடந்துது சார். அதத்தான் யாரும் நம்ப மாட்டங்கறாங்க. அவ வந்து கூடையில முட்டினா, கூடையும் பவியும் சேந்து சாஞ்சிது, படி பூரா பாசி. அதே வேகத்துல அவ திரும்பித் தவளைய முழுங்கினா. எங் கையில நரம்பு விர்ருன்னு ஓடுது. பவி மதகுக் கெணத்துப் பக்கம் வழுக்கிடுச்சி. அங்க ரெண்டு ஆளு ஆழம். நரம்பு வெரலுல ரெண்டு சுத்து சுத்தியிருக்குது. நான் என்னா பண்ணுவன்?

இல்ல சார், நீச்ச நல்லாத் தெரியும் எனக்கு. ஏரியில பொறந்து வளந்தவன்.

பாத்தீங்களா, நீங்களும் அதேதான் கேக்கறீங்க. விட்டுட்டுக் குதிக்க வேண்டியதுதானன்னு. சொல்றது சுலபம். பத்து நாளு நின்னவனுக்குத்தான் தெரியும். அதுவுமில்லாம எவ்வளவு நேரம் ஆயிருக்கும்னு நெனைக்கறீங்க? பத்து எண்ணற நேரம். இருவதே வெச்சிக்குங்களேன். கன்னியப்பன் அண்ணன் அம்பதுக்கு மேலன்னு சொல்றாரு. அவரு என்னா கடியாரமா? "விட்றா, விட்டுட்டுக் குதிடா பாவி"ன்னு யாரோ கத்தினாங்க. அது அஞ்சலாட்சின்னு அப்பறம் சொன்னாங்க. அவ என்ன வாடா போடான்னு சொன்னதே இல்ல, நான் எப்படி நெனைப்பன் அது அவ கொரலுன்னு? மீனு மாட்டினா எனக்குக் காது கேக்காது. அது அவளுக்கே தெரியும்.

அவளுக்கு நீச்ச தெரியாது. பொடவையோட குதிச்சா. அதுவும் எந் தப்பா? கன்னியப்பன் அண்ணன் மதகுக்கு அந்தாண்டப் பக்கத்துல இருந்து நீந்தியாந்து ரெண்டு பேரயும் முடியப் புடிச்சி இழுத்துப் போட்டாரு. ஒண்ணும் ஆவல. பவி கொஞ்சம் தண்ணி குடிச்சிருந்தா. ஏரிக்கரையில வளர்ற புள்ள தண்ணி குடிக்காம இருக்குமா?

அதுக்குள்ள நானும் மீனக் கரையேத்திட்டன். அஞ்சு கிலோவுக்கு மேல சார். ரெண்டு கையாலயும் தூக்கிக் காட்டினன். பவி அழுவுது, வாந்தி எடுக்குது, ஒடம்பு வெடவெடன்னு ஆடுது. சரி, உசுரு இருக்குது இல்ல, இங்க பாரு கண்ணு அப்பா எவ்வளவு பெரிய மீனு புடிச்சிருக்கறன்னு சமாதானத்துக்குத்தான் காட்டினன். அந்தப் புள்ள மீனப் பாக்கல, என்னப் பாத்துது. பாத்துட்டு அவ அம்மாவக் கட்டிக்கினு மூஞ்ச உள்ள வெச்சிக்கிச்சி. அஞ்சலாட்சி திட்டுவான்னு பாத்தன். திட்டல. எங் கையவே பாத்துக்கினு இருந்தா. நரம்பு சுத்தியிருக்குது, ரத்தம் சொட்டுது. ஒரு வார்த்த, மருந்து போட்டுக்கன்னு கூட சொல்லல சார். அது எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

அன்னிக்கி மத்தியான வண்டியிலயே கல்மேட்டுக்குப் போயிட்டா, அவ அண்ணன் வூட்டுக்கு, ஈரப் பொடவையோட. மீனு அப்படியே கெடந்துது. யாரும் வாங்கல. சும்மாக் குடுத்தாலும் வாங்கல. குஞ்சா? குஞ்சு ரெண்டு நாளு அதே எடத்துல சுத்திக்கினு இருந்துது. கொக்கு ஒரு பக்கம், கெளுத்தி ஒரு பக்கம். மூணாவது நாளு பாத்தா ஒண்ணுமில்ல. குச்சி தள்ளி நட்டதும் தெரிஞ்சி போச்சி, பழைய குழி அப்படியே இருந்துது. பஞ்சாயத்துல ஏரியில கால வெக்காதன்னுட்டாங்க. இருவத்தஞ்சி வருசம் சார். ஒரு குச்சிக்கு.

ஏன் சார், மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சி? வண்டி ஒத்துக்காதா? ஜன்னல் பக்கம் நீங்க வாங்க. வேணாமா? செரி. போனப் பாக்கறீங்க, இங்க டவர் கெடைக்காது. கல்மேடு தாண்டித்தான் வரும்.

நானும் சும்மா இல்ல. ரெண்டு தடவ அவ அண்ணன் வூட்டுக்குப் போயிட்டு வந்தன். மச்சான் கதவத் தொறக்கல. ஜன்னல் வழியாப் பேசினான். மூணாவது தடவ பள்ளிக்கூடத்துக்கே போயிட்டன். பவி என்னப் பாத்துச்சி. பாத்ததும் அப்பான்னு ஓடியாரும்னு நெனச்சன். எடத்துலயே நின்னு ஒண்ணுக்குப் போயிடுச்சி. எட்டு வயசுப் புள்ள. எவ்வளவு சொல்லிக் குடுத்து வெச்சிருந்தா அப்படி ஆவும், சொல்லுங்க. அஞ்சலாட்சிக்கு அவ்வளவு வஞ்சம். அப்பறம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, இனிமே அந்தப் பக்கம் போவ மாட்டன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டுக் குடுத்தன். கையெழுத்துதான சார்.

அதுக்கப்பறம் அவ என்னா பண்ணா தெரியுமா? அந்தப் பள்ளிக்கூடத்துலயே சத்துணவுக்குச் சமைக்கப் போயிட்டா. தையலு தெரிஞ்சவ, டவுனுல கூப்பிட்டாங்க, போவல. காலையில புள்ளையோட உள்ள போறா, சாயங்காலம் புள்ளையோட வெளிய வரா. நடுவுல வெளிய தல காட்டறதில்ல. எனக்கு இது எப்படித் தெரியும்னா, எதுத்தாப்புல ஒரு டீக்கட இருக்குது. மூணு நாளு அங்க குந்திப் பாத்தன். எனக்குக் காத்துக்கினு குந்தறது ஒண்ணும் புதுசு இல்ல.

பன்னண்டரைக்குப் பெல் அடிக்கும். புள்ளைங்க தட்டு கழுவக் கொழாயிக்கு வரும். கொழாயி பக்கவாட்டுல, செவுரு ஓரமா இருக்குது. அங்க செவுரு இடிஞ்சி ஒரு ஆளு நொழையற அளவுக்கு வழி. அஞ்சலாட்சி சமையக்கட்டு வாசல்ல கரண்டியோட நிப்பா. ஒவ்வொரு புள்ளையா எண்ணுவா. அங்கிருந்து கொழாயிக்கு நாப்பது நாப்பத்தஞ்சு அடி. அவ ஓடியாரதுக்குள்ள புள்ளையத் தூக்கிக்கினு நான் ரோட்டுக்கு வந்துடலாம். பங்காளிப் பையன் ஆட்டோ வெச்சிக்கினு நிக்கறன்னு சொல்லியிருக்கறான்.

அடிக்கறதுக்கா தூக்கறன்? எம் புள்ளைய நான் அடிப்பனா? நேரா ஏரிக்குத்தான் போவன். மதகுப் படியில உக்கார வெச்சன்னா போதும். அஞ்சலாட்சி வந்தே தீருவா. ஒம்போது மாசமாக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வராதவ, கூப்பிடாமயே வருவா. தனியா வருவா. வரட்டும். வந்து அந்தப் படியில நின்னு எங்கிட்டப் பேசட்டும். நான் விட்டனா புடிச்சனான்னு அந்த எடத்துல வெச்சே பேசித் தீத்துக்கலாம். அவ கோவமாத்தான் வருவா, அது எனக்குத் தெரியும். கோவமா வந்தா நல்லதுதான். சுத்தி முத்தி பாக்க மாட்டா.

ஒரே ஒரு விசயந்தான் இடிக்குது. பவி என்னப் பாத்தா கத்தும். கத்தினா அவ்வளவுதான், கொழாயிகிட்டயே வேல கெட்டுப் போவும். அதான் வண்டி ஏறினதுல இருந்து உங்களப் பாத்துக்கினே வரன். வெள்ள வேட்டி, கண்ணாடி, கையில கொட. உங்களப் பாத்தா எந்தப் புள்ளையும் பயப்படாது. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் சார். என்னோட எறங்குங்க. அந்தச் செவுரு ஓரம் நின்னு "பவிஷா, இங்க வாம்மா, உங்க அம்மா ஒண்ணு குடுக்கச் சொன்னாங்க"ன்னு இந்தக் கவுன நீட்டுங்க. ரெண்டு அடி தள்ளி வந்தாப் போதும். மீதிய நான் பாத்துக்கறன். அடுத்த வண்டி அர மணியில வரும், நீங்க பாட்டுக்கு ஏறித் தங்கச்சி வூட்டுக்குப் போயிடலாம். ஒரு குடும்பத்தச் சேத்து வெச்ச புண்ணியம் உங்களுக்கு.

என்னா, யோசிக்கறீங்க? அவசரமில்ல, இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்குது.

நீங்க நல்லவரு சார். பாத்ததுமே தெரிஞ்சிது. கன்னியப்பன் அண்ணன் மாதிரி ஆளுங்களப் பாத்து எனக்கு மனுசங்க மேலயே நம்பிக்க போயிடுச்சி. நீங்க பாருங்க, பேரு ஊரு தெரியாத எனக்காவ தல ஆட்டிட்டீங்க. எறங்கறப்ப கம்பியப் புடிச்சிக்குங்க. இதோ, அந்தப் புளியமரந்தான் ஸ்டாப்பு.

கண்டக்டரே, கல்மேடு எறக்கம் ரெண்டு பேரு.

வாங்க சார். அதான் பள்ளிக்கூடம், பச்ச கேட்டு. நாம அங்க போவ வேணாம். செவுரு இந்தாண்ட, டீக்கடைக்கு எதுக்க. ஆட்டோ நிக்குது பாருங்க, சொன்ன மாதிரியே வந்துட்டான். இந்தாங்க கவுனு, வாங்கிக்குங்க. பெல் அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்குது, ஒரு டீ குடிச்சிட்டே போலாம்.

சார், அந்தப் பக்கம் இல்ல. செவுரு இந்தாண்டன்னு சொன்னனே. கேட்டு வழியா எதுக்குப் போறீங்க? உள்ள போனா டீச்சருங்க கேள்வி கேப்பாங்க.

மெதுவாப் போங்க சார், வயசான காலத்துல எதுக்கு இந்த ஓட்டம். கொடைய வேற கீழ போட்டுட்டீங்க. நான் எடுத்தாரன், நில்லுங்க.

அது அஞ்சலாட்சி சார். அவகிட்ட எதுக்குப் பேசறீங்க? நான் புள்ளகிட்டதான பேசச் சொன்னன்? அவகிட்ட என்னா கையக் காட்டிப் பேசறீங்க, எம் பக்கமாக் காட்டி?

சார். கேட்ட எதுக்கு சார் சாத்தறீங்க? நான் இன்னும் வெளியதான் நிக்கறன்.